தேயிலையிலிருந்து கஃபீனைப் பிரிக்க எந்தக் கரைப்பான்? மலையகப் பாடசாலை ஆய்வுகூடங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஹற்றன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்து உயர்தர மாணவர்களிடம் இரசாயனவியல் செயற்றிட்டத்துக்குத் தலைப்புக் கேட்டால், பலரும் தேயிலையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்துக்கொள்வதும் நியாயம்தான். மூலப்பொருள் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. பங்கீட்டுக் குணகம் (ஒன்றோடொன்று கலவாத இரண்டு திரவங்களில் ஒரு பொருள் பிரிந்து கரையும் விகிதம்), அமில-மூலத் தாக்கம், காய்ச்சி வடித்தல், பதங்கமாதல் (திண்மம் திரவமாகாமலே ஆவியாதல்) என்று பாடத்திட்டத்தின் பல பகுதிகள் ஒரே பரிசோதனையில் வந்துவிடுகின்றன. முடிவில் வெள்ளை வெளேர் என்று ஊசிப் பளிங்குகளும் கிடைக்கின்றன.

எல்லோரும் வந்து சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: கரைப்பான். செய்முறைப் புத்தகங்களில் பெரும்பாலானவை இருகுளோரோமீதேன் என்கின்றன. பழைய புத்தகம் குளோரோபோம் என்கிறது. களஞ்சிய அறையின் மேல்தட்டில் அப்படி ஒரு பழைய போத்தலும் பெரும்பாலும் இருக்கும். சூழலைப் பற்றிப் பேசுபவர்கள் எதைல் அசற்றேற்று என்கிறார்கள். அதிபரைக் கேட்டால், இதெல்லாம் இல்லாமல் செய்ய முடியாதா என்பார். அவர் கேட்பதும் நல்ல கேள்விதான். அதற்கும் விடை உண்டு.

## எதை வைத்து எடைபோடுவது

கஃபீனை எவ்வளவு நன்றாகக் கரைக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் பலர். அது முதல் அளவுகோல், அவ்வளவுதான். என் வரிசை இது:

- கஃபீனை நீரிலிருந்து எவ்வளவு இழுக்கிறது.
- பிரிபுனலில் (கலவாத திரவங்களைப் படைபடையாகப் பிரித்தெடுக்கும், அடியில் திறப்புக் குழாயுள்ள புனல்) எப்படி நடந்துகொள்கிறது: மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா, குழம்பாகிவிடுகிறதா.
- வேலை முடிந்ததும் அதை அகற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும்.
- மூச்சில் போனால் என்ன ஆகும், தீப்பிடித்தால் என்ன ஆகும்.
- மிச்சத்தை எங்கே கொட்டுவது.

கடைசி அளவுகோல் மலையகத்தில் மற்ற எதையும்விடக் கனமானது. பாடசாலைத் தொட்டியில் ஊற்றுவது கான் வழியாக ஓடைக்குப் போகிறது. அந்த ஓடைக்குக் கீழே ஒரு லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், தண்ணீர்ப் பீலி இருக்கும். அந்தப் பீலியில்தான் பலர் குடிக்கத் தண்ணீர் பிடிக்கிறார்கள். அதற்கும் கீழே கொத்மலை ஓயாவும் மகாவலியும் இருக்கின்றன.

இன்னொன்று, உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் மேலே இருக்கிறது. வளியமுக்கம் அங்கே ஏறத்தாழ 81 கிலோபாஸ்கல்தான். நீரே 94 பாகை செல்சியசில் கொதித்துவிடும். ஆகவே புத்தகத்திலுள்ள கொதிநிலைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

| | இருகுளோரோமீதேன் | குளோரோபோம் | எதைல் அசற்றேற்று |
|---|---|---|---|
| கடல் மட்டத்தில் கொதிநிலை (°செ) | 39.6 | 61.2 | 77.1 |
| நுவரெலியாவில், கணித்தபடி (°செ) | 33–34 | சுமார் 54 | சுமார் 70 |
| அடர்த்தி (கி/மி.லீ.) | 1.33 | 1.49 | 0.90 |
| பிரிபுனலில் நிற்கும் இடம் | கீழே | கீழே | மேலே |
| 100 மி.லீ. நீரில் கரையும் அளவு | 1.5 கிராம் அளவில் | 0.8 கிராம் | 8 கிராம் |
| 1 கிராம் கஃபீனைக் கரைக்க வேண்டியது | சுமார் 7 மி.லீ. | 5.5 மி.லீ. | இவற்றைவிட மிகக் கூடுதலாக |
| தீப்பற்றல் | எளிதில் இல்லை | இல்லை | மிக எளிது |

கரைப்பானே இல்லாத நான்காவது வழி இந்த அட்டவணைக்குள் அடங்காது. அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

மூன்று கரைப்பான்களுக்கும் ஆரம்ப வேலை ஒன்றுதான். 10 கிராம் தேயிலைத் தூளை 100 மி.லீ. நீரில் சோடியம் காபனேற்றுச் சேர்த்துக் காய்ச்சி, வடிகட்டி, நன்றாக ஆறவிட வேண்டும். காபனேற்று எதற்கு என்றால், சாயத்திலுள்ள (வடித்த தேயிலை நீர்) டனின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்களைச் சோடியம் உப்புகளாக்கி நீரிலேயே கட்டிப்போடுவதற்கு. கஃபீன் மட்டும் கரைப்பானுக்குள் போகும். தேயிலையின் உலர்நிறையில் கஃபீன் பொதுவாக 2 முதல் 4 சதவீதம். அதாவது 10 கிராமில் 200 முதல் 400 மில்லிகிராம். அதில் பாதி கையில் கிடைத்தாலே பாடசாலை மட்டத்தில் நல்ல வேலை.

## இருகுளோரோமீதேன்

மீதேனின் நான்கு ஐதரசன்களில் இரண்டை எடுத்துவிட்டுக் குளோரீனை வைத்தால் இது. நிறமற்றது, நீர்போல் ஓடுவது, இலேசான இனிப்பு மணம் கொண்டது. இதைப் பாடசாலையிலேயே தயாரிக்க முடியாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். முடியாது, ஏன் முடியாது என்பதே ஒரு பாடம். மீதேனையும் குளோரீனையும் 400–500 பாகையில் தாக்கமுறச் செய்தால் சுயாதீன மூலிகச் சங்கிலித் தாக்கம் தொடங்குகிறது (மூலிகம் என்பது சோடியில்லாத இலத்திரனோடு நிற்கும், எளிதில் தாக்கமுறும் துணுக்கு). குளோரீன் மூலிகம் மீதேனிலிருந்து ஓர் ஐதரசனைப் பறிக்கும், எஞ்சிய மெதைல் மூலிகம் இன்னொரு குளோரீன் மூலக்கூற்றிலிருந்து ஒரு குளோரீனைப் பறிக்கும். உண்டான குளோரோமீதேனும் சும்மா இருப்பதில்லை, மீண்டும் அதே தாக்கத்துக்கு ஆளாகிறது. இப்படியே ஒரு குளோரீன், இரண்டு, மூன்று, நான்கு என்று நால்வரும் கலந்துதான் வெளியே வருவார்கள். தொழிற்சாலைகள் கொதிநிலை வேறுபாட்டை வைத்து (−24, 40, 61, 77 பாகை) அவர்களைப் பிரிக்கின்றன. இன்று பல இடங்களில் மெதனோலையும் ஐதரசன் குளோரைட்டையும் சேர்த்துக் குளோரோமீதேனைப் பெற்று, அங்கிருந்து குளோரீனேற்றத்தைத் தொடர்கிறார்கள். 1840 அளவில் பிரெஞ்சு இரசாயனவியலாளர் ரெனோ குளோரோமீதேனையும் குளோரீனையும் சூரிய ஒளியில் வைத்து இதை முதன்முதலில் பெற்றார். குளோரீன் வாயுவை வகுப்பறையில் வைத்துக்கொண்டு அவரைப் பின்பற்ற வேண்டாம்.

பயன்கள் பல: மருந்துத் தயாரிப்பில் கரைப்பான், வண்ணப்பூச்சு அகற்றி, அக்ரிலிக் ஒட்டுதல், நுரைப்பஞ்சு தயாரிப்பு, கோப்பியிலிருந்து கஃபீன் நீக்கல். தண்ணீர்க் குவளையில் மூக்கைத் தோய்த்துத் தோய்த்து எழும் அந்தக் கண்ணாடிப் பறவைப் பொம்மைக்குள் இருப்பதும் இதுவே. கொதிநிலை இவ்வளவு குறைவாக இருப்பதால்தான், தலை சற்றுக் குளிர்ந்ததும் பறவை ஆடுகிறது.

கஃபீனை இழுப்பதில் இது கெட்டிக்காரக் கரைப்பான். கஃபீன் 100 மி.லீ. இருகுளோரோமீதேனில் ஏறத்தாழ 14 கிராமும், அறை வெப்பநிலையில் 100 மி.லீ. நீரில் 2.2 கிராமும் கரைகிறது. இவற்றின் விகிதத்தைக் கொண்டு பங்கீட்டுக் குணகத்தை மட்டமாக 6 என்று எடுத்துக் கணக்குப் போடலாம். 100 மி.லீ. சாயத்தை ஒரே தடவையில் 60 மி.லீ. கரைப்பானால் இழுத்தால், கஃபீனில் 22 சதவீதம் நீரிலேயே தங்கிவிடும். அதே 60 மி.லீ.ஐ 20, 20, 20 என்று மூன்றாகப் பிரித்து இழுத்தால் தங்குவது 9 சதவீதந்தான். பரீட்சையில் வரும் கணக்கு கண்முன்னே நடக்கிறது. இந்தப் பரிசோதனையை நான் விரும்புவதற்கு முதற்காரணமும் அதுதான்.

கீழ்ப்படையாக நிற்பதால் குழாயைத் திறந்து வடித்துக்கொண்டே போகலாம். ஆனால் வேகமாகக் குலுக்கினால் வந்தது வினை. டனின் உப்புகள் சவர்க்காரம்போல் வேலை செய்து, இரண்டு படைகளையும் பழுப்பு நிறக் குழம்பாக்கிவிடும், பிரிய மணிக்கணக்காகும். குலுக்காமல், பிரிபுனலைச் சாய்த்து மெதுவாகச் சுழற்றுங்கள். குழம்பு வந்தேவிட்டால் ஒரு கரண்டி கறியுப்புப் போட்டால் பெரும்பாலும் தெளியும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள்.

நுவரெலியாவில் இதன் கொதிநிலை 33–34 பாகை. உள்ளங்கைத் தோலின் வெப்பமும் கிட்டத்தட்ட அதேதான். பிரிபுனலின் வயிற்றைக் கையால் அணைத்துப் பிடித்தாலே உள்ளே அமுக்கம் ஏறும். ஒவ்வொரு சுழற்றலுக்குப் பின்னும் தலைகீழாகப் பிடித்து, குழாயைத் திறந்து, 'உஸ்' என்று ஆவியை வெளியேவிட வேண்டும், முகத்துக்கு நேரே அல்லாமல். ஆறாத சாயத்தில் ஊற்றினாலோ அடைப்பான் பறக்கும்.

அடுத்தது மூச்சு. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் இதை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வைத்திருக்கிறது. உடலுக்குள் போனதில் ஒரு பகுதி காபனோரொட்சைட்டாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பதைத் தடுக்கிறது. இதய நோயுள்ள ஓர் ஆசிரியர் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிப்படி எட்டு மணிநேரச் சராசரி வரம்பு பத்து லட்சத்தில் 25 பங்கு, பதினைந்து நிமிட வரம்பு 125 பங்கு. மூக்குக்கு மணம் தெரிவதோ 200–300 பங்கு அளவில்தான். மணக்கவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்ற எண்ணம் இங்கே செல்லாது.

ஒரு கணக்கு. 8 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமான அறை. குளிருக்காக ஜன்னல்கள் மூடியிருக்கின்றன. 60 மி.லீ. கரைப்பானைத் திறந்த முகவையில் ஆவியாக விடுகிறீர்கள். 60 மி.லீ. என்பது 80 கிராம், அதாவது 0.94 மூல். ஒரு மூலுக்கு 24 லீற்றர் என்றால் 22.6 லீற்றர் ஆவி. அறையின் கனவளவு 1,44,000 லீற்றர். முழு அறைக்கும் பரவினாலும் பத்து லட்சத்தில் 157 பங்கு. மலையின் குறைந்த அமுக்கத்தில் இன்னும் கூடும். ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது என்பதால், மேசை மட்டத்தில் குனிந்து நிற்கும் மாணவருக்கு இதைவிடக் கூடுதலாகவே போகும். இது ஒரு குழுவுக்கான கணக்கு. வகுப்பில் ஐந்து குழு இருந்தால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே திறந்த முகவையில் ஆவியாக்கல் கூடவே கூடாது. ஒடுக்கி (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கருவி) பொருத்தி வடித்து, கரைப்பானை மீட்டெடுக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் மலைநாட்டுக்கு ஒரு வாசி உண்டு: குழாய்த் தண்ணீர் குளிராக இருப்பதால் ஒடுக்கி நன்றாக வேலை செய்யும். மெல்லிய நைத்திரைல் கையுறையை இது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். கையுறை நனைந்தால் உடனே கழற்றுங்கள். எளிதில் தீப்பற்றாது என்பதற்காகப் பக்கத்தில் சுடர் வைக்கவும் வேண்டாம். சுடரில் பட்டால் ஐதரசன் குளோரைட்டும் பொஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவும் உண்டாகும்.

அமெரிக்காவில் பொதுமக்களுக்கான வண்ண அகற்றிகளில் இது 2019இல் தடைசெய்யப்பட்டது. 2024இல் பெரும்பாலான பிற பயன்களுக்கும் தடை நீண்டது. ஆய்வுகூடப் பயன்பாட்டுக்கு இடமுண்டு, ஆனால் கடுமையான பாதுகாப்பு நிபந்தனைகளோடு. உலகம் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிகிறது அல்லவா?

## குளோரோபோம்

இதற்கு அதிகம் எழுதத் தேவையில்லை. கரைப்பதில் மூன்றிலும் முதலிடம் இதற்கே. 1847இல் எடின்பரோவில் சிம்ப்சன் மயக்க மருந்தாகப் பயன்படுத்தியதால் பெயரும் பெற்றது. ஈரலைக் கெடுக்கும். ஒளியும் காற்றும் பட்டால் மெல்ல மெல்லப் பொஸ்ஜீனாகும். அதைத் தடுக்கத்தான் சிறிதளவு எதனோல் சேர்த்துக் கபில நிறப் போத்தலில் விற்கிறார்கள். களஞ்சியத்தின் மேல்தட்டில் லேபிள் மங்கிப்போய், எப்போது திறந்தது என்று எவருக்கும் தெரியாமல் நிற்கும் போத்தலில் அந்த எதனோல் இன்னும் இருக்கிறதா என்று யார் சொல்வது?

இருகுளோரோமீதேன் செய்யும் வேலைக்கு மேலாக இது எதையும் செய்துவிடுவதில்லை. பாடசாலைக்கு இதைத் தெரிவுசெய்யும் சூழ்நிலை ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. பழைய போத்தலைத் திறக்காமல் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். அதே தட்டில் காபன் நாற்குளோரைட்டும் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அது ஓசோன் படையைச் சிதைப்பதால் மொன்றியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. இலங்கை 1989 முதல் அதில் ஓர் உறுப்பு நாடு.

## எதைல் அசற்றேற்று

இது முந்திய இரண்டையும்போல் குளோரீன் ஏறிய ஏலோ அற்கேன் அல்ல, அமிலமும் மதுசாரமும் சேர்ந்து உண்டாகும் எசுத்தர். பழங்களில் இயற்கையாகவே சிறிதளவு இருக்கிறது. கஃபீன் நீக்கிய தேயிலை என்று கடையில் விற்பதில் ஒரு பகுதி இதைக் கொண்டே செய்யப்படுகிறது. பழத்தில் இருப்பதைச் சாட்டாக வைத்து 'இயற்கை முறை' என்று உறையில் அச்சிட்டுவிடுவார்கள். அந்தச் சொல்லுக்கு மயங்க வேண்டாம். ஆனால் நஞ்சுத்தன்மையில் முந்திய இரண்டோடும் இதை ஒப்பிடவே முடியாது என்பது உண்மை. கூர்மையான மணம் இருப்பதால் கசிந்தால் மூக்கு உடனே சொல்லிவிடும்.

செய்முறைப் புத்தகம் சொல்லாத சிக்கல் ஒன்று இருக்கிறது. 100 மி.லீ. நீர் ஏறத்தாழ 8 கிராம் எதைல் அசற்றேற்றைக் கரைத்துக்கொள்ளும். அதாவது 9 மி.லீ. அளவில். முதல் தடவை 20 மி.லீ. ஊற்றிச் சுழற்றிவிட்டுப் பார்த்தால் மேலே 11 மி.லீ. அளவுதான் நிற்கும். மாணவர்கள் பிரிபுனல் ஒழுகுகிறது என்று நினைத்துக் குழாயைத் திருகத் தொடங்குவார்கள். ஒழுகவில்லை, சாயம் குடித்துவிட்டது. இதற்கு மருந்து கறியுப்பு. ஆறிய சாயத்தில் இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்துவிட்டால், எசுத்தர் நீருக்குள் போவது வெகுவாகக் குறையும், கஃபீனும் மேற்படைக்குப் போக விரும்பும், குழம்பாவதும் குறையும். உப்பு விலையில் மூன்று நன்மை.

மேற்படையாக நிற்பதால் ஒவ்வொரு தடவையும் சாயத்தைக் கீழே வடித்து, எசுத்தரை மேல்வாயால் வேறு குடுவைக்கு ஊற்றி, சாயத்தை மீண்டும் புனலுக்குள் ஊற்ற வேண்டும். அலுப்பு வேலை. எந்தப் படை எது என்று குழம்பி, வேண்டியதையே கொட்டிவிடும் குழுக்களும் உண்டு. வேலை முடியும்வரை இரண்டு படைகளையும் வைத்திருக்கச் சொல்லுங்கள். காபனேற்றுக் கரைசலில் எசுத்தர் மெல்ல நீர்ப்பகுப்படையும் என்பதால், சூடாகவும் ஊற்றக்கூடாது, இரவு முழுக்க விட்டுவிடவும் கூடாது.

பெரிய ஆபத்து தீ. இதன் தீப்பற்று நிலை −4 பாகை. நுவரெலியாவில் துகள்பனி கொட்டும் விடியற்காலையிலும் இதன் ஆவி தீப்பற்றும். மதுசார விளக்கு, பன்சன் சுடரடுப்பு எதுவும் அந்த அறையில் எரியக்கூடாது. ஆனால் நுவரெலியாவில் இது 70 பாகையிலேயே கொதிக்கும் என்பதால் சுடர் தேவையே இல்லை. பக்கத்து அறையில் மின்கேத்தலில் கொதிக்கவைத்த நீரை ஒரு முகவையில் கொண்டுவந்து, குடுவையை அதற்குள் இறக்கினால் போதும். ஆற ஆற நீரை மாற்றிக்கொள்ளலாம். இதையும் ஒடுக்கி வைத்து வடித்தெடுத்து அடுத்த குழுவுக்குக் கொடுக்கலாம்.

கஃபீன் குறைவாகவே வரும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பச்சை, பழுப்பு நிறமிகளும் கூடவே வருவதால் முதலில் கிடைக்கும் பளிங்கு மங்கலாக இருக்கும். பதங்கமாக்கித் தூய்மைப்படுத்த ஒரு மணிநேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். நகப்பூச்சு அகற்றியிலும் தின்னரிலும் இது இருக்கிறதே என்று அவற்றை வாங்கிவர வேண்டாம். எண்ணெய், நிறம், வேறு கரைப்பான்கள் எல்லாம் கலந்திருக்கும்.

## கரைப்பானே இல்லாமல்: நேரடிப் பதங்கமாக்கல்

அதிபரின் கேள்விக்கு விடை இது. கஃபீன் 178 பாகை அளவில் திரவமாகாமலே ஆவியாகும். ஒரு பீங்கான் கிண்ணத்தில் இரண்டு கரண்டி காய்ந்த தேயிலைத் தூளைப் பரப்புங்கள். சிறிது மக்னீசியம் ஒட்சைட்டுக் கலந்தால் நல்லது. ஊசியால் துளைகளிட்ட வடிதாளை மேலே விரித்து, அதன்மேல் கண்ணாடிப் புனலைக் கவிழ்த்து, புனலின் காம்பைப் பஞ்சால் அடைத்து, வெளிப்புறத்தில் ஈரத்துணி சுற்றுங்கள். மணற்றட்டின்மேல் வைத்து மிக மெதுவாகச் சூடாக்குங்கள். முதலில் ஈரம் வரும். பிறகு புனலின் உட்சுவரில் பஞ்சு மயிர்போல் வெள்ளை ஊசிகள் முளைக்கும். கைவில்லையால் பார்த்தால், ஒவ்வோர் ஊசியும் கண்ணாடியிலிருந்து வெளிநோக்கி நீள்வது தெரியும். வெப்பம் கூடினால் தூள் கருகி, மஞ்சள் தார் ஏறி எல்லாவற்றையும் பாழாக்கிவிடும். அவசரக்காரர்களுக்கு இது சரிவராது.

வாங்க எதுவும் இல்லை, கொட்டவும் எதுவும் இல்லை. எஞ்சிய தூள் பூப்பாத்திக்குப் போகும். கிடைப்பது சில மில்லிகிராம்தான், அதனால் விளைச்சல் சதவீதம் பேச முடியாது. பங்கீட்டுக் குணகம், காபனேற்றின் வேலை போன்ற இரசாயனமும் இதில் கிடையாது.

## யாருக்கு எது

ஆய்வுகூடம் என்ற பெயரில் ஒரு மேசையும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும் உள்ள தோட்டப் பாடசாலைக்குப் பதங்கமாக்கல். தரம் 11 மாணவர்களுக்குச் செய்துகாட்டுவதற்கும் அதுவே போதும்.

பிரிபுனல், ஒடுக்கி, மின்கேத்தல், திறக்கக்கூடிய ஜன்னல்கள் உள்ள உயர்தரப் பாடசாலைக்கு எதைல் அசற்றேற்று. மலையகத்தில் பெரும்பாலான பாடசாலைகள் இந்த வகைக்குள்தான் வரும். குறைவான விளைச்சலைக் குறையாக எழுத வேண்டாம். ஏன் குறைந்தது என்று மாணவர் அறிக்கையில் விளக்கினால் அதற்கே நல்ல புள்ளி கொடுக்கலாம்.

உண்மையிலேயே வேலை செய்யும் ஆவி உறிஞ்சும் அலுமாரி இருந்து, ஏலோ கழிவுக்கென்று தனிப் போத்தல் வைத்து, அது நிறைந்ததும் எங்கே ஒப்படைப்பது என்று முன்கூட்டியே பேசி முடித்தவர்களுக்கு மட்டும் இருகுளோரோமீதேன். அப்போதும் ஆசிரியர் ஒருமுறை செய்துகாட்டுவதே போதும், ஐந்து குழுக்கள் வேண்டாம். கொழும்பிலோ கண்டியிலோ வாங்கினால் பயணிகள் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவராதீர்கள்; கினிகத்தேனை வளைவுகளில் ஒரு போத்தல் உடைந்தால் பஸ் முழுக்க ஆவி நிறையும். விற்பவரிடமே அனுப்பிவைக்கச் சொல்லுங்கள்.

எந்த வழியில் எடுத்தாலும் பளிங்கை எவரும் நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது. 1.2 கிராம் கஃபீன் ஒரேயடியாக உடலுக்குள் போனாலே வலிப்பு வரக்கூடும். ஒரு தேக்கரண்டித் தூள் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

எங்கள் தோட்டத்துத் தேயிலையில் கஃபீன் எத்தனை சதவீதம் என்று அளப்பதுதான் நோக்கம் என்றால், இந்த நான்கில் எதுவுமே சரிவராது. பிரித்தெடுத்து நிறுத்துப் பார்ப்பதில் வரும் எண், தேயிலையைவிட உங்கள் கைப்பக்குவத்தையே அதிகம் காட்டும். அந்த அளவீட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 10727 நியமம் உயர்செயற்திறன் திரவ நிறப்பகுப்பியல் (HPLC) என்னும், கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் முறையை வகுத்திருக்கிறது. அதற்கு வேண்டிய கருவி பாடசாலையில் இருக்காது. தலைப்பை 'அளத்தல்' என்பதிலிருந்து 'பிரித்தெடுத்தல்' என்று மாற்றிக்கொண்டு தொடங்குங்கள்.